டாக்டர் நடால்கா திரும்பப் பெற்ற பதிவு

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் திருமதி ஈவெலின் ரஸ்மூசன் அவர்களே, நேற்றுக் காலை அடக்கப் பிரார்த்தனையை நடத்திக் கொடுத்த அருட்தந்தை மிரோன் அவர்களே, வின்னிபெக்கிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் டாக்டரின் தங்கை திருமதி ஒக்சானா அவர்களே, எங்கள் பதிவுக் குழுவின் நண்பர்களே, விதைப்பு நேரத்தில் டிராக்டரை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கும் லார்க்வேல் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மே மாதத்தில், காற்று ஓய்ந்து மண் பதமாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மண்டபம் இப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு நாற்காலி இல்லை. மன்னிக்க வேண்டும். இத்தனை பேர் வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. டாக்டரும் நினைத்திருக்க மாட்டார். நினைத்திருந்தால், "விதைக்கிற வேலையை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?" என்று நம் எல்லோரையும் வீட்டுக்கு விரட்டியிருப்பார்.

பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். மண் கல்லாய் உறைந்து கிடந்தது. இளகட்டும் என்று காத்திருந்து நேற்றுதான் அடக்கம் செய்தோம். மூன்று மாதமாக அழுவதற்கு நேரம் இருந்தது. ஆகவே இன்று நான் அழப்போவதில்லை. நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஹால்வர் ஆம்டால். இந்த ஊராட்சியின் பொது மேய்ச்சல் நிலத்துக்குப் பொறுப்பாளனாக இருந்தவன். ஊரார் மாடுகளை வசந்தத்தில் ஓட்டி வந்து விடுவார்கள். நானும் என் குதிரையும் இலையுதிர் காலம் வரை அவற்றைப் பார்த்துக்கொள்வோம். இன்று வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் பதிவுக் குழுவின் தலைவன் என்ற முறையில் இங்கே நிற்கிறேன். அந்த நாற்காலி டாக்டருடையது. நான் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

யார் இந்த டாக்டர் நடால்கா ஸ்லொபோடியன்? கால்நடை மருத்துவர் என்பீர்கள். உங்கள் மாட்டையும் குதிரையையும் காப்பாற்றியவர் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நான் அவரை அறிந்துகொண்டது ஒரு ஜூன் மாலையில், என் கொட்டகையில். முதல் ஈற்றுக் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. டாக்டர் தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்னத்தை மாட்டின் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"ஹால்வர், அந்த பல்பு பக்கத்துல சுவத்துல பெருசா ஒண்ணு உட்கார்ந்திருக்கு. மெதுவா ஒரு கிளாஸை எடுத்து அது மேல கவிழ்த்துங்க."

"டாக்டர், கன்னு?"

"கன்னு எங்கேயும் போகாது. அது என் கையில இருக்கு. பூச்சிதான் பறந்துடும்."

சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி. கவிழ்த்தேன். கன்றும் உயிரோடு வந்தது. கையைக் கழுவிவிட்டு அவர் முதலில் குனிந்து பார்த்தது கன்றையா, கிளாஸையா? கன்றைத்தான். அதை நான் சொல்லியாக வேண்டும். கன்று எழுந்து நின்று பால் குடித்த பிறகுதான் கிளாஸின் பக்கம் வந்தார். ஆனால் வந்ததும் முகம் மாறிய விதம் இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பெயர் சொன்னார், தேதியும் இடமும் குறித்துக்கொண்டார், வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

நம் பிரெய்ரிப் புல்வெளி எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வானம்தான் இருக்கிறது. இந்தப் பரப்பில் எந்தப் பூச்சி எங்கே பறக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதை டாக்டர்தான் நமக்குச் சொன்னார். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தன் மருத்துவமனைச் சுவரில் மாட்டினார். பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "அங்க பூச்சி இல்லைன்னு அர்த்தம் இல்ல. போய்ப் பார்க்க ஆள் இல்லைன்னு அர்த்தம்" என்றார். நாய்க்குத் தடுப்பூசி போட வந்தவர்களையெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டமாகப் பிடித்துப் போட்டார். ஊசிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள், கையில் ஒரு வலையோடு வெளியே போனார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ரூபி டெஜார்லே இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அவர் பிள்ளைகளை இறக்கிவிடும் ஒவ்வொரு சாலை முனையிலும் இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் ரூபி வெறுங்கையோடு வந்தார்.

"இன்னைக்கு ஒண்ணுமே கண்ணுல படலை டாக்டர். அதான் எழுதலை."

"போய் நின்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப 'ஒண்ணும் இல்லை'ன்னு எழுதிக் குடு. பார்க்கப் போய் இல்லாம இருக்கிறது வேற, போகாமலே இருக்கிறது வேற."

"இல்லாததை எழுதறதுக்கு ஒரு படிப்பா?"

"அதுதான் கஷ்டமான படிப்பு, ரூபி. எல்லாருக்கும் ஏதாவது பார்த்தேன்னு சொல்லத்தான் ஆசை."

அருட்தந்தை மிரோன் அனுமதி கொடுத்தால் இன்னொன்றும் சொல்வேன். தலையசைக்கிறார், சொல்லலாம். சில அந்துப்பூச்சிகள் விளக்குக்கு வராது. இனிப்புக்கு வரும். பழைய பீரில் வெல்லப்பாகைக் கலந்து மரத்தில் பூசினால் சாயங்காலம் வந்து மொய்க்கும். டாக்டர் மதுக்கடையில் காலாவதியான பீரைப் பெட்டி பெட்டியாக வாங்கினார். மறு ஞாயிறு பூசை முடிந்ததும் அருட்தந்தை அவரைத் தனியாக அழைத்தார்.

"நடால்கா, ஊர்ல உன்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் ஃபாதர். நான் குடிக்கிறேன்னு. நான் குடிக்கலை, பாப்லர் மரத்துக்குக் குடுக்கிறேன்."

"இதை நான் எப்படி நம்புறது?"

"சாயங்காலம் கோயில் பின்னாடி வாங்க."

போனார். அடுத்த மாதம் கோயில் தோட்டத்தின் கட்டத்துக்குப் பதிவாளர் யார் தெரியுமா? இதோ, மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியும். பலர் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டீர்கள். நானும் வெகுநாள் பேசவில்லை. ஆனால் டாக்டரைப் பற்றிப் பேச எழுந்துவிட்டு அதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் நான் வேறு யாரையோ பற்றிப் பேசினவன் ஆவேன்.

பொது மேய்ச்சல் நிலம் இனி தன் பொறுப்பில்லை என்று அரசாங்கம் கைகழுவிய வருடம் அது. நிலம் ஊராட்சியின் கைக்கு வந்தது. ஊராட்சியிடம் சாலைக்கே பணமில்லை. பருப்புப் பண்ணை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று வந்து, முழு நிலத்தையும் வாங்கிக்கொள்கிறோம், உழுது மசூர் பருப்பு போடுகிறோம் என்றது. ஒருமுறைகூட ஏர் படாத புல். என் குதிரையின் முழங்காலைத் தொடும் புல். அதை உழுதால் திரும்ப வராது என்று இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய?

ஒரு வழி இருந்தது. அதற்கு மூன்று கோடை முன்பு டாக்டர் அந்த நிலத்தின் வடக்கு மேட்டில் டகோட்டா துள்ளி என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்த்ததாகப் பதிவு செய்திருந்தார். கட்டைவிரல் நகத்தளவு. மங்கிய ஆரஞ்சு நிறம். பறப்பதைவிடத் துள்ளுவதுதான் அதிகம். உழாத புல்லைத் தவிர வேறு எங்கும் அது வாழாது. அழிந்துகொண்டிருக்கும் இனம் என்பதால், அது இருக்கும் இடத்தை உழ அனுமதி கிடைக்காது. நகரத்திலிருந்த ஒரு பேராசிரியரும் டாக்டர் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து, ஆமாம், அதுதான் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு பதிவு போதும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார். ஊராட்சிக் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நானும் என் மனைவி இனெஸும் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தோம். எங்கள் வீடு, என் வேலை, இரண்டும் அந்த நிலத்தின் மேல்தான் இருந்தன.

கூட்டத்துக்கு முந்தின வாரம் டாக்டர் என்னை அழைத்தார். "இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடலாம். கேட்டாங்கன்னா புதுசாவே சொல்லலாம்" என்றார். ஜூலை மாத வெயில். மேட்டில் ஊதாப் பூக்கள் பூத்துக் கிடந்தன. அரை மணி நேரத்தில் பூச்சி கிடைத்தது. அதே மேடு, அதே நிறம், அதே அளவு. வலையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன டாக்டர்?"

அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு வண்டிக்கு வந்து, பழைய புகைப்படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஹால்வர், இது அது இல்ல."

"அது இல்லைன்னா?"

"பின்சிறகுக்கு அடியில பாருங்க. வெளிர்மஞ்சளா புள்ளி வளைஞ்சு போகுது. டகோட்டாவுக்கு இவ்வளவு பளிச்சுன்னு இருக்காது. இது நீள்கோட்டுத் துள்ளி. சாலையோரத்துலகூட இருக்கும். போட்டோவுல சிறகு பாதி மடிஞ்சிருக்கு, வெளிச்சம் மேல அடிக்குது. அந்தப் பேராசிரியரும் ஏமாந்துட்டார். நான் அவருக்கு முன்னாடியே ஏமாந்துட்டேன். பார்க்கணும்னு ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கேன்."

நான் வண்டியைக் கிளப்பவில்லை. ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமா."

"ஒரு வாரம் பொறுத்துச் சொன்னா என்ன? ஓட்டு முடிஞ்சதும் திருத்திக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "உங்க மாடு வயித்துல கன்னு செத்துக் கிடக்குன்னு எனக்குத் தெரிஞ்சா, விலை பேசி முடிக்கிற வரைக்கும் உயிரோட இருக்குன்னு சொல்லுவேனா, ஹால்வர்?" என்றார். "நான் சொல்றதை நம்பித்தான் நீங்க எல்லாரும் ராத்திரி தூங்கப் போறீங்க. இதுல ஒண்ணு பொய்னா, மத்ததெல்லாம் என்ன?"

"அப்ப என் வீடு?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல அவர் நடிக்கவும் இல்லை. வண்டியைக் கிளப்பி வீடு வந்தோம்.

கூட்டம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. நிறுவனத்தின் ஆட்கள் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எழுந்தார். பேச்சு எழுதிக் கொண்டுவரவில்லை. "வடக்கு மேட்டுல டகோட்டா துள்ளி இருக்குன்னு நான் எழுதினது தப்பு. போன வாரம் போய்ப் பார்த்தேன். அது வேற பூச்சி. அந்தப் பதிவை நான் திரும்ப எடுத்துக்கறேன்" என்றார்.

நினைவிருக்கிறதா உங்களுக்கு? நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சிரித்தார். நிறுவனத்தின் ஆள் எழுந்து, "நேர்மைக்கு நன்றி, டாக்டர்" என்றார். அந்த நன்றி எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. யாரோ, "ஏன் டாக்டரு, உழவு மெஷினுக்கு நீங்களே டீசல் ஊத்திட்டீங்களே?" என்று கத்தினார். டாக்டர் நின்றபடியே இருந்தார். "நான் இன்னும் முடிக்கலை" என்றார். அங்கே தான் சரியாகப் பார்த்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியையும், ஒவ்வொரு அந்துப்பூச்சியையும். எதுவும் அரிதல்ல. எதற்கும் சட்டம் இல்லை. "இதெல்லாம் உண்மை. இது போதுமா போதாதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

போதவில்லை. வடபாதியை விற்றார்கள். தென்பாதி கல்லும் பள்ளமும் என்பதால் நிறுவனம் வேண்டாம் என்றது. அதை மாட்டுக்காரர்களின் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். என் வீடு வடபாதியில் இருந்தது.

வீடு காலி செய்யும் நாளில் டாக்டரின் வண்டி வந்து நின்றது. என் மனைவி இனெஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இனெஸ் இங்கேதான் இருக்கிறாள். நான் சொல்வது தப்பென்றால் கையைத் தூக்குவாள்.

"உள்ள வாங்கன்னு இன்னைக்கு நான் சொல்ல மாட்டேன் டாக்டர்" என்றாள்.

"சொல்ல வேண்டாம்."

"ஆனா ஃபிரிட்ஜைத் தூக்க ஆள் இல்ல."

"அதுக்குத்தான் வந்தேன்."

இரண்டு பெண்களும் ஃபிரிட்ஜைத் தூக்கினார்கள். அலமாரியைத் தூக்கினார்கள். நான் முதுகுவலிக்காரன், கதவைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வெறும் அடுப்பங்கரையில், பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, இனெஸ் பிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்கும் காப்பி ஊற்றினாள். "உங்க மேல கோபம் போகலை" என்றாள். "போக வேண்டாம்" என்றார் டாக்டர். இருவரும் காப்பி குடித்தார்கள். கோபமும் காப்பியும் ஒரே பெட்டியின் மேல் உட்கார முடியும் என்று அன்று பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில் வடபாதியை உழுதார்கள். அதன் பிறகு சில வருடங்கள் டாக்டருக்கு நல்ல காலமில்லை. சிலர் பக்கத்து ஊர் மருத்துவரிடம் மாட்டைக் கொண்டுபோனார்கள். குழுவில் பாதிப்பேர் வலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் விளக்கம் சொல்லிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகவில்லை. கூப்பிட்டால் வந்தார். ஜூலை தோறும் அந்தப் பருப்பு வயலின் ஓரத்துக்குப் போய் நின்றார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"பருப்புக் காட்டுல என்ன இருக்கப் போகுது டாக்டர்?"

"என்னென்ன இல்லாமப் போச்சுன்னு யாராவது பார்க்கணும்ல."

வெயிலில் நின்று பார்த்தார். எழுதினார். வந்துவிட்டோம்.

அன்று இந்த மண்டபத்தில் பின்னாலிருந்து சிரித்தாரே ஒருவர், அவரைப் பற்றி இப்போது சொல்கிறேன். அவர் பெயர் அல்வின் ஸ்டெப்லர். ஆற்றோரத்தில் அவர் குடும்பத்துக்கு உழாத புல்வெளி உண்டு. தாத்தா காலத்திலிருந்து அதில் வெளியாள் கால் வைத்ததில்லை. அரிய பூச்சி ஏதாவது கிடைத்துவிட்டால் அரசாங்கம் வந்து தன் நிலத்தில் தனக்கே சட்டம் சொல்லும் என்பது அவர் பயம். அந்தப் பயம் நம்மில் பலருக்கு இருந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பதிவுக் குழுவைக் கண்டாலே நாயை அவிழ்த்துவிடுவார்.

ஒரு மார்ச் மாதம் பனிப்புயல் அடித்த மதியம், அல்வினின் பசு ஒன்று ஈன முடியாமல் விழுந்துவிட்டது. பக்கத்து ஊர் மருத்துவர் சாலை மூடிவிட்டது என்று வர மறுத்தார். அல்வினின் மனைவி டாக்டர் நடால்காவுக்குப் போன் செய்தார். டாக்டர் வந்தார். சாலையில் இருந்த பனியை அப்புறப்படுத்த என்னையும் என் டிராக்டரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அதனால் நடந்ததை நான் பார்த்தேன். வயிற்றைக் கீறிக் கன்றை எடுத்தார். தைத்து முடித்ததும் அல்வின் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துல சிரிச்சது நான்தான். தெரியுமா உங்களுக்கு?"

"உங்க சிரிப்பு யாருக்குத் தெரியாது, அல்வின்? ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்."

"கேலிக்குன்னுதான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கம் வரலை." அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் ஆத்தோரப் புல்லுல ஜூலை மாசம் சின்னதா ஏதோ துள்ளிக்கிட்டுத் திரியுது. வந்து பாருங்க. நீங்க இருக்குன்னா இருக்கு. இல்லைன்னா இல்ல. வேற எவனையும் நான் உள்ள விடமாட்டேன்."

"இவரை?" என்று டாக்டர் என்னைக் காட்டினார்.

"அவர் கதவைத் திறந்து மூடட்டும்."

ஜூலை வந்தது. போனோம். பூச்சி கிடைத்தது. டாக்டர் லென்ஸில் பார்த்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை. குப்பியை என்னிடம் நீட்டினார். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். பின்சிறகின் அடியில் புள்ளிகள் இருப்பதே தெரியாத அளவுக்கு மங்கல். டகோட்டா துள்ளி என்றேன். அவர் அதை நம்பவில்லை. அல்வினிடம் அனுமதி வாங்கி ரூபியை வரவழைத்தார். என்ன பார்த்தோம் என்று ரூபியிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. ரூபியும் அதையே சொன்னார். மறுவாரம் அல்வினின் சம்மதத்தோடு அந்த நகரத்துப் பேராசிரியரும் நேரில் வந்து, மண்டியிட்டுப் பார்த்து, அதையே சொன்னார். அவரும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் டாக்டர் புல்லில் உட்கார்ந்தார். அழுதாரா என்று கேட்காதீர்கள். மூக்கைச் சிந்தினார். புல்லுப் பூ ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வாழ்நாளெல்லாம் புல்லில் திரிந்தவருக்கு அன்றுதான் அது ஒத்துக்கொள்ளாமல் போனது.

பிறகு அல்வின் வீட்டு அடுப்பங்கரை. சஸ்கட்டூன் பழ அப்பத்தை யாரும் தொடவில்லை.

"இப்ப கவர்மென்ட் என் வாசல்ல வந்து நிக்குமா?" என்றார் அல்வின்.

"வரலாம். அவங்க வரமாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். இது உங்க நிலம். இடத்தைச் சொல்லாதீங்கன்னா, வெளியில ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன். ஆனா இல்லைன்னு எழுதச் சொல்லாதீங்க. அது மட்டும் என்னால முடியாது."

அல்வின் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். கடைசியில் அல்வின் சொன்னார்: "இருக்கிற இடத்துல இல்லைன்னு சொல்லமாட்டீங்க, இல்லாத இடத்துல இருக்குன்னும் சொல்லலை. அது தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். எழுதுங்க."

எழுதினார். அல்வின் அந்தப் புல்லைத் தன் காலத்துக்குப் பிறகும் யாரும் உழக்கூடாது என்று பத்திரம் செய்துகொடுத்தார். மாடு மேய்கிறது. பூச்சியும் இருக்கிறது. இரண்டுக்கும் சண்டையில்லை. அல்வின் கதவைத் திறந்தார் என்று கேள்விப்பட்டதும் ஆற்றோரத்தில் மற்றவர்களும் திறந்தார்கள். சிலரிடத்தில் அந்தத் துள்ளி இருந்தது. பலரிடத்தில் இல்லை. இல்லாதவர்களிடம் டாக்டர் இல்லை என்றே சொன்னார். அவர்களும் அவருக்குக் காப்பி கொடுத்தே அனுப்பினார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வடபாதி திரும்பவில்லை. அங்கே இப்போதும் பருப்புதான். டாக்டர் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் புல் இன்றும் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியை நான் அவரிடமே கேட்டேன். ஜனவரியில், மருத்துவமனையில், அவரால் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகு.

"இருந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றார். "அதை நினைக்காத நாள் இல்ல. இருந்தாலும் மறுபடி கேட்டா மறுபடியும் அதேதான் சொல்வேன். ரெண்டும் சேர்ந்துதான் கிடக்கு உள்ள." பிறகு, "என்னைப் பத்திப் பேசச் சொன்னாங்கன்னா, நான் அபூர்வப் பூச்சியைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லாதீங்க. அது பாட்டுக்கு அங்கேதான் இருந்துச்சு. அல்வினுக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

சொல்லவில்லை டாக்டர். உங்கள் விருப்பப்படியே விட்டுவிட்டேன்.

திருமதி ஒக்சானா அவர்களே, உங்கள் அக்காவுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்? சிலை வைக்கலாமா? அவர் பெயரில் சாலை விடலாமா? சாலை போட இன்றும் ஊராட்சியிடம் பணமில்லை, தலைவர் கோபித்துக்கொள்ளக்கூடாது. அவர் செய்ததைச் செய்யலாம். அது ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே இந்த அவையின் முன்னால், எங்கள் குழுவின் சார்பில் நான் வாக்குக் கொடுக்கிறேன். நாங்கள் போய்ப் பார்ப்போம். கண்டதைக் கண்டோம் என்று எழுதுவோம். காணாததைக் காணோம் என்று எழுதுவோம். பார்த்தது தவறென்று தெரிந்தால், அதனால் எங்களுக்கு எது போனாலும், இந்த மண்டபத்தில் எழுந்து நின்று சொல்வோம். இதற்குமேல் பெரிதாக எதையும் நாங்கள் சத்தியம் செய்யவில்லை. இதுவே எங்களுக்குப் பெரிது.

டாக்டர் தனியாகப் பார்த்துவந்த கட்டங்கள் நிறைய. இந்தக் கோடையில் அவற்றுக்கு ஆளில்லை. அருட்தந்தை மிரோன் ஒன்றை எடுத்துக்கொண்டார். ரூபி ஒன்று. அல்வின் ஸ்டெப்லர் இரண்டு கேட்டார், வலை பிடிக்கத் தெரியாது என்பதால் இப்போதைக்கு ஒன்றுதான் கொடுத்திருக்கிறோம். இனெஸ், நம் பழைய வீடு இருந்த கட்டத்தை எனக்குக் கொடுங்கள் என்று நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. மீதி இருப்பவை வரைபடத்தில் வெறுமையாக இருக்கின்றன. வரைபடம் வாசல் மேசையில் விரித்திருக்கிறது, பக்கத்தில் பென்சில் வைத்திருக்கிறோம். காப்பியும் சாண்ட்விச்சும் அதற்கு அடுத்த மேசையில். தயவுசெய்து அந்த வரிசையிலேயே வாருங்கள்.